சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா?

கேள்வி – ஜே.பி. நகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். என் சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் நிலையில் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருப்பதால் இப்போது ஓலாபரிப் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மருந்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, இதே நோய்க்கு மருந்து உருவாக்கும் சிறு நிறுவனங்கள் பலவும் நாஸ்டாக் சந்தையில் இருப்பதை அறிந்தேன். என் அலுவலகம் ஊதியத்தின் ஒரு பகுதியாக அளித்த ஆர்.எஸ்.யு. பங்குகளில் சிலவற்றை விற்று, அந்த டாலர் தொகையை இத்தகைய நிறுவனங்களில் போடலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? நம் நாட்டுச் சந்தையிலேயே இதற்கென நிறுவனம் ஏதும் உண்டா?

பதில் 1 – பெல்லந்தூர் புள்ளியியலாளர்

மருந்துச் சோதனைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்வது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம் சந்தையில் இந்த ஒரு நோயை மட்டும் நம்பி நிற்கும் பட்டியலிட்ட நிறுவனம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள பயோகான், சினைப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படும் பெவாசிசுமாப் என்ற மருந்தின் உயிரியல் ஒப்புமருந்தை (மூல மருந்துக்கு நிகரான வேறு நிறுவனத் தயாரிப்பு) தயாரிக்கிறது. ஆனால் அதன் பங்கு விலையைத் தீர்மானிப்பவை இன்சுலின் முதலான வேறு பல மருந்துகள்.

சித்தி உட்கொள்ளும் ஓலாபரிப் எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த 'பார்ப்' தடுப்பான்களின் (புற்றுச் செல்கள் தம் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய விடாமல் தடுக்கும் மருந்துகள்) கதையை முதலில் படியுங்கள். ஓலாபரிப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 டிசம்பரிலும், க்ளோவிஸ் ஆன்காலஜியின் ருகாபரிப்புக்கு 2016 டிசம்பரிலும், டெசாரோவின் நிராபரிப்புக்கு 2017 மார்ச்சிலும் ஒப்புதல் அளித்தது. மூன்றுமே நோயாளிகளைச் சென்றடைந்த மருந்துகள். ஆயினும் க்ளோவிஸ் 2022 டிசம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. டெசாரோவை 2018 இறுதியில் பிரிட்டிஷ் மருந்து நிறுவனமான ஜி.எஸ்.கே. ஒரு பங்குக்கு 75 டாலர் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டபோது செய்தித்தாள்கள் அதைப் பெரிய வெற்றியாக எழுதின. 2017 தொடக்கத்தில் அதே பங்கை 150 டாலருக்கு மேல் வாங்கியவருக்கோ போட்ட பணத்தில் பாதி போயிற்று. ஓலாபரிப்பை விற்கும் அஸ்ட்ராஜெனெகா போன்ற பெரும் நிறுவனத்தின் விற்பனைப் படையோடு ஒரே ஒரு மருந்தை வைத்திருக்கும் நிறுவனம் மல்லுக்கு நிற்க நேர்ந்தால், நல்ல மருந்தே கையில் இருந்தாலும் கடன் முந்திக்கொள்ளும்.

அடுத்து, சோதனை முடிவு அறிவிப்பில் எந்த அளவுகோல் பேசப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் ஒன்று. நோயாளி மொத்தமாக உயிர் வாழ்ந்த காலம் மற்றொன்று. முதலாவதில் முன்னேற்றம் காட்டி ஒப்புதல் பெற்றுவிடலாம். ஆனால் 2022இல் இந்த மூன்று மருந்துகளுமே, பலமுறை கீமோ எடுத்தபின் நோய் திரும்பியவர்களுக்கான சிகிச்சை என்ற பயன்பாட்டை அமெரிக்காவில் தாமாகவே விலக்கிக்கொண்டன. வாழ்நாள் தரவு சாதகமாக வராததே காரணம். (சித்திக்குக் கொடுக்கப்படுவது முதல் சிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு மருந்து. அது வேறு பயன்பாடு. அது தொடர்கிறது, கவலை வேண்டாம்.)

எதிர்த்திசையில் இம்யூனோஜென் என்ற நிறுவனம் உண்டு. பிளாட்டினம் கீமோவுக்குக் கட்டுப்படாத நோய்க்கான அதன் மிர்வெடுக்சிமாப், 2019இல் 'ஃபார்வர்ட் 1' என்ற மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. பங்கு சரிந்து, ஊழியர்களில் பெரும்பகுதியினர் வெளியேற்றப்பட்டனர். மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய ஃபோலேட் ஏற்பி ஆல்பா என்ற புரதம் கட்டியில் குறைவாக இருந்தவர்களும் அந்தச் சோதனையில் சேர்ந்துவிட்டனர். புரதம் மிகுதியாக உள்ளவர்களை மட்டும் கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்து, 453 பேரிடம் நடத்திய 'மிராசோல்' சோதனையில் வாழ்நாள் இடைநிலை (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்), வழக்கமான கீமோ பெற்றவர்களின் 12.75 மாதங்களிலிருந்து 16.46 மாதங்களாக உயர்ந்தது. அதே மருந்துதான், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் மாறியது. ஆகவே ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத்தான் நான் முதலில் வாசிப்பேன். அமெரிக்க அரசின் மருத்துவச் சோதனைப் பதிவுத் தளத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பதில் 2 – இந்திரா நகர் முதலீட்டாளர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இம்யூனோஜென் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். மிராசோல் முடிவு வெளியான 2023 மே மாதத்தில், ஆறு டாலருக்கும் குறைவாக இருந்த பங்கு ஒரே நாளில் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. ரயில் போய்விட்டது என்று பலர் கைவிட்டார்கள். ஆனால் ஏற்றத்தைப் பயன்படுத்தி நிறுவனமே புதிய பங்குகளை 12.50 டாலருக்கு விற்றது. அந்த விலையில் வாங்கியவருக்கும், நிறுவனத்தையே வாங்க முன்வந்த ஆப்வி என்ற பெரும் மருந்து நிறுவனம் நவம்பர் இறுதியில் அறிவித்த 31.26 டாலர் இரண்டரை மடங்காக வந்தது. முடிவு வரும் முன் சூதாடுவதைவிட, வாழ்நாள் தரவு கைக்கு வந்தபின் அதிக விலை கொடுத்து வாங்குவதே என் வழக்கம். பல நல்ல வாய்ப்புகள் இதனால் கைநழுவும். அது எனக்குச் சம்மதமே.

பதில் 3 – மல்லேஸ்வரம் ஆடிட்டர்

வரி பற்றி யாரும் பேசவில்லை. விற்ற டாலரை 180 நாட்களுக்குள் மறுமுதலீடு செய்யலாம், இல்லையேல் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கிருந்து புதிதாக அனுப்பாததால் டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தமும் இராது. ஆர்.எஸ்.யு. பங்கை விற்கும்போதே மூலதன ஆதாய வரி வந்துவிடும்: 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், குறைவெனில் உங்கள் வருமான வரி விகிதம். பங்குகளை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில், விற்காவிட்டாலும் நட்டமானாலும், ஆண்டுதோறும் காட்டியே ஆக வேண்டும். பலர் அறியாத ஒன்று: அமெரிக்கர் அல்லாதவர் இறந்தால், அங்குள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டும் பகுதிக்கு அந்நாட்டு வாரிசுச் சொத்து வரி உண்டு. மீதமிருக்கும் ஆர்.எஸ்.யு.வும் அந்தக் கணக்கில் சேரும்.

ஜே.பி. நகர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. தனித்தனி நிறுவனங்களுக்குப் பதிலாகப் பயோடெக் இ.டி.எஃப். (பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து, சந்தையில் ஒரே பங்குபோல் விற்கும் நிதி) வாங்கினால் இந்த அபாயம் குறையுமா?

பெல்லந்தூர் புள்ளியியலாளர்

குறையும், ஆனால் சினைப்பைப் புற்றுநோய் அதில் ஒரு துளியாகிவிடும். இத்தகைய இ.டி.எஃப்.களில் எக்ஸ்.பி.ஐ. பெரிய, சிறிய நிறுவனங்களுக்கு ஏறத்தாழச் சம எடை தருவதால் சிறு நிறுவனங்களின் ஏற்ற இறக்கம் அதில் நன்கு தெரியும், ஐ.பி.பி. சந்தை மதிப்பின்படி எடை தருவதால் பெரும் நிறுவனங்களே அதை நடத்துகின்றன. தனி நிறுவனமேதான் வேண்டும் என்றால், அதன் கடைசிக் காலாண்டு அறிக்கையை எடுத்து, கையிருப்பு ரொக்கத்தை அந்தக் காலாண்டின் செலவால் வகுத்துப் பாருங்கள். சோதனை முடிவு வரவேண்டிய தேதிக்கு முன்பே ரொக்கம் தீர்ந்துவிடும் என்றால், இடையில் புதிய பங்கு வெளியிட்டு உங்கள் பங்கின் மதிப்பை நீர்த்துப்போகச் செய்வார்கள். எந்த நிறுவனத்தை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதினால் அதன் சோதனை விதிகளைச் சேர்ந்தே வாசிக்கலாம்.