குமரிக் கடற்கரையில் பெரிய மெகல்லன் மேகம் பார்த்தவர்கள் உண்டா?

நண்பர்களே, ஜனவரி அமாவாசையை ஒட்டிக் கன்னியாகுமரி போகிறேன். சிரியஸும் அதற்குத் தெற்கே அகத்திய நட்சத்திரமும் எப்படியும் தெரிந்துவிடும். நான் தேடுவது அகத்தியருக்கும் கீழே, சற்று வலப்பக்கம் இருக்கும் பெரிய மெகல்லன் மேகத்தை. சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள குட்டி விண்மீன் மண்டலம். 1987-ல் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா வெடித்தது அங்கேதான்!

சிக்கல் என்னவென்றால், ராத்திரி பத்து மணிவாக்கில் உச்சிக்கு வரும்போதுகூட அது அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகை உயரம்தான். லேசான மூட்டம் இருந்தாலே மறைந்துவிடும்.

தெற்கே திறந்த கடலும் விளக்கு வெளிச்சம் இல்லாத கரையும் உள்ள இடம் எது? படகு விளக்குகள் தொந்தரவு செய்யுமா? 10×50 பைனாகுலர் போதுமா? அப்புறம், இரவில் அங்கே நிற்க அனுமதி உண்டா? அப்பாவையும் கூட்டிப்போகிறேன், அதனால் கேட்கிறேன். நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.