முட்டத்தில் அடிபட்ட கிருஷ்ணப்பருந்து: பறவை வைத்தியம் தெரிந்த மருத்துவர் தேவை

மக்களே, அவசர உதவி. முட்டம் துறைமுகத்துப் பக்கம் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலான் இழை) சுற்றிக் கிடந்த கிருஷ்ணப்பருந்து ஒன்றை மீட்டிருக்கிறோம். இடது இறக்கை மடங்காமல் தொங்குகிறது. அந்த இழை அறுத்த இடத்தில் சதை தெரிகிறது, பாவம். வனத்துறைக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் வரும்வரை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்திருக்கிறோம். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பறவைகளுக்கு எலும்பு முறிவு பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யாரையாவது தெரியுமா? எக்ஸ்ரே வசதி இருந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், காயம் ஆறினால் மட்டும் போதாது. நன்றாகப் பறந்து, தானே இரை பிடிக்கத் தேறிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். அதற்கு நீளமான வலைக்கூண்டு தேவைப்படும். வனத்துறை அனுமதியோடு இடம் தர முடிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் தயவுசெய்து யாரும் வர வேண்டாம், ஆள் நிழல் பட்டாலே பதறுகிறது.