ரெஃபரலை ஆஃப் பண்ணியும் எல்டாப் சர்ச் 6 நிமிஷம் தொங்குது (சி புரோகிராம்)

பாமணியாறு

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரி நூலகத்துல வேலை பாக்கறேன். வாசல்ல பசங்க அடையாள அட்டையைக் காட்டினா பார்கோடைப் படிச்சு, பேரையும் துறையையும் திரையில காட்டற ஒரு சின்ன சி புரோகிராம் எழுதியிருக்கேன். மெஷின்ல டெபியன் 11, அதோடவே வர்ற ஓப்பன்எல்டாப் 2.4 லைப்ரரி (எல்டாப்ங்கறது டைரக்டரி சர்வர்ல ஆள் விவரம் தேடற நெறிமுறை). டைரக்டரி சர்வர் தஞ்சாவூர்ல தலைமை அலுவலகத்துல இருக்கு, ஆக்டிவ் டைரக்டரி. நடுவுல ஃபயர்வால். எங்களுக்காக 636 போர்ட் (மறைகுறியாக்கின எல்டாப்) மட்டும் திறந்து விட்டிருக்காங்க.

பைண்ட், அதாவது சர்வர்ல உள்நுழையறது, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிடுது. சர்ச்தான் தொங்குது. கடைசில சரியான பேர் வந்துடுது, ஆனா ஸ்டாப்வாட்ச் வெச்சு மூணு தடவை பாத்தேன், 6 நிமிஷம் 21 விநாடி. ஒரு விநாடி முன்னப்பின்ன. அதே மெஷின்ல எல்டாப்சர்ச் கமாண்ட் அடிச்சா அரை விநாடியில பதில் வருது.

ரெஃபரல், அதாவது சர்வர் "வேற இடத்துலயும் தேடு"ன்னு காட்டற முகவரிதான் காரணமா இருக்கும்னு படிச்சு, எல்டாப்.கான்ஃப் ஃபைல்ல ரெஃபரல்ஸ் ஆஃப்னு போட்டேன். புரோகிராம்லயும் போட்டேன். போன்ல இருந்து அடிக்கறேன், அதனால பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே இருக்கு, பொறுத்துக்குங்க:

இன்ட் வெர்ஷன் = 3, ஆஃப் = 0, கெடு = 5;
எல்டாப்_செட்_ஆப்ஷன்(எல்டி, எல்டாப்_ஆப்ட்_புரோட்டோகால்_வெர்ஷன், &வெர்ஷன்);
எல்டாப்_செட்_ஆப்ஷன்(எல்டி, எல்டாப்_ஆப்ட்_ரெஃபரல்ஸ், &ஆஃப்);
எல்டாப்_செட்_ஆப்ஷன்(எல்டி, எல்டாப்_ஆப்ட்_டைம்லிமிட், &கெடு);

மூணுமே 0 திருப்பித் தருது, அதாவது வெற்றி. கம்பைலர் எல்லா எச்சரிக்கையும் போட்டும் ஒரு வார்த்தை சொல்லல. 5 விநாடி கெடு வெச்சும் ஏன் 6 நிமிஷம்? காலையில வாசல் வரிசை வேப்ப மரம் வரைக்கும் நிக்குது. நூலகர் பழைய ரிஜிஸ்டர் நோட்டை மறுபடி வெளிய எடுத்து வெச்சுட்டார்.

குடமுருட்டி

389 போர்ட்டையும் திறந்து விடச் சொல்லுங்க தம்பி, சரியாயிடும். எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்.

வெட்டாறு

டிஎன்எஸ் பாத்தீங்களா? சர்வர் பேருக்குப் பதிலா ஐபி போட்டுப் பாருங்க.

பாமணியாறு

ஐபி போட்டும் பாத்தேன் சார். அதே 6.21.

அரசலாறு

தம்பி, 6 நிமிஷம் 21 விநாடின்னா 381 விநாடி. அதை மூணால வகுத்துப் பாருங்க, 127. லினக்ஸ்ல ஒரு கனெக்ஷனுக்கு முதல் சின் பாக்கெட் (கனெக்ஷன் கேக்கற பாக்கெட்) போய் பதில் இல்லேன்னா 1 விநாடி கழிச்சு மறுபடி போகும், அப்புறம் 2, 4, 8, 16, 32, கடைசியா 64 விநாடி காத்திருந்து கைவிடும். எல்லாம் கூட்டினா 127. டெபியன் 11 கர்னல்ல இதுதான் வழக்கம். ஆக, உங்க புரோகிராம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மூணு இடத்துக் கதவைத் தட்டுது, மூணு இடத்துலயும் யாரும் "இல்ல"ன்னுகூட சொல்லல. ஃபயர்வால் பாக்கெட்டை மறுக்காம முழுங்கிடுது.

மூணு இடம் எதுன்னும் சொல்லிடறேன். ஆக்டிவ் டைரக்டரியில டொமைனோட உச்சியில இருந்து தேடினா, விடையோட சேர்த்து மூணு ரெஃபரல் வரும்: ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஸோன்ஸ், டொமைன்டிஎன்எஸ்ஸோன்ஸ், கான்ஃபிகரேஷன். மூணும் சாதாரண எல்டாப் முகவரி, போர்ட் 389. உங்களுக்குத் திறந்திருக்கறது 636. தாலுகா ஆபீஸ்ல "இந்த சீட் இல்ல, அந்த சீட்டைப் பாருங்க"ன்னு அனுப்பற மாதிரிதான். போற சீட்ல ஆளும் இல்ல, பூட்டும் இல்ல, நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க.

சர்ச் தொங்கும்போது வேற டெர்மினல்ல எஸ்எஸ் கமாண்ட் போட்டுப் பாருங்க. 389-க்கு ஒரு கனெக்ஷன் சின்-சென்ட் நிலையில நிக்கும்.

இப்ப உங்க தப்பு. ரெஃபரல்ஸ் ஆப்ஷனுக்கு &ஆஃப் கொடுக்கக் கூடாது. மூணாவது ஆர்குமென்ட் வாய்ட் பாயின்டர், அதனால கம்பைலர் எதையும் வாங்கிக்கும். வெர்ஷனுக்கு இன்ட்டோட முகவரி சரி. ரெஃபரல்ஸுக்கு லைப்ரரி முகவரிக்குள்ள என்ன இருக்குன்னு திறந்தே பாக்காது. வந்த பாயின்டர் எல்டாப்_ஆப்ட்_ஆஃப்-ஆ இல்லையான்னு மட்டும்தான் பாக்கும். எல்டாப்_ஆப்ட்_ஆஃப்னா நல் பாயின்டர், அதாவது எந்த முகவரியும் இல்லாத வெற்றுப் பாயின்டர். நீங்க கொடுத்தது ஒரு உயிருள்ள முகவரி. நல் இல்ல. அப்ப ஆன்.

அதாவது உங்க கான்ஃப் ஃபைல் ரெஃபரலை ஒழுங்கா ஆஃப் பண்ணிடுச்சு. அதுக்கு அடுத்து உங்க வரி வந்து அதை மறுபடி ஆன் பண்ணிடுச்சு! 0 திரும்பினதுக்கு அர்த்தம், "நீங்க கேட்டபடி ஆன் பண்ணிட்டேன்".

சரியான வரி:

எல்டாப்_செட்_ஆப்ஷன்(எல்டி, எல்டாப்_ஆப்ட்_ரெஃபரல்ஸ், எல்டாப்_ஆப்ட்_ஆஃப்);

எல்டாப்சர்ச் கமாண்ட் வேகமா வந்ததும் இதனாலதான். அது மைனஸ் பெரிய-சி கொடுக்காத வரைக்கும் ரெஃபரல் பின்னால போகாது, கான்ஃப் ஃபைல்ல என்ன இருந்தாலும்.

பாமணியாறு

அக்கா, எஸ்எஸ்ல அப்படியே நிக்குது. 389, சின்-சென்ட். பிஎச்பியில வருஷக்கணக்கா வெறும் 0 கொடுத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்துலதான் இங்கயும் 0-ன்னு எழுதி, எச்சரிக்கை வராம இருக்கணும்னு & போட்டேன்.

அரசலாறு

பிஎச்பி உள்ளுக்குள்ள 0-ஐ வாங்கி எல்டாப்_ஆப்ட்_ஆஃப்-ஆ மாத்திக் கொடுத்துடும். சி-யில அந்த உபசாரம் கிடையாது. வேடிக்கை என்னன்னா, & இல்லாம வெறும் 0 எழுதியிருந்தா அது நல் பாயின்டராகி வேலை செஞ்சிருக்கும்.

திருப்பிப் படிக்கும்போது மட்டும் கவனம். எல்டாப்_கெட்_ஆப்ஷன்ல ரெஃபரல்ஸ் கேட்டா அதுக்கு இன்ட்டோட முகவரிதான் கொடுக்கணும். 0 வந்தா ஆஃப், வேற எது வந்தாலும் ஆன். வைக்கறதுக்கு ஒரு வடிவம், எடுக்கறதுக்கு வேற வடிவம். நான் ஒவ்வொரு ஆப்ஷனையும் வெச்ச கையோட ஒரு தடவை கெட் போட்டு அச்சடிச்சுப் பாத்துடுவேன். இதே பள்ளத்துல நானும் விழுந்திருக்கேன், அதுவும் ஐப்பசி அடைமழையில, மின்சாரம் வந்து வந்து போன ஒரு ராத்திரியில.

குடமுருட்டி அண்ணே, 389-ஐத் திறந்தா தொங்கறது நிக்கும், ஒத்துக்கறேன். ஆனா லைப்ரரி ரெஃபரல் பின்னால போகும்போது பேர், பாஸ்வேர்ட் எதையும் கையில எடுத்துட்டுப் போகாது, அனாமதேயமா போய் நிக்கும். ஆக்டிவ் டைரக்டரி "முதல்ல பைண்ட் பண்ணு"ன்னு ஆபரேஷன்ஸ் எரர் கொடுத்து அனுப்பிடும். அதுக்கு ரீபைண்ட் ஃபங்ஷன் ஒண்ணு எழுதிக் கொடுத்தீங்கன்னா, பாஸ்வேர்ட் 389-ல மறைப்பில்லாம போகும். நூலகத்துக்கு வேண்டிய தகவல் எதுவும் அந்த மூணு இடத்துல இல்லவும் இல்ல.

குடமுருட்டி

சரிதான்மா. எங்க ஆபீஸ்ல அந்த எரர் ஏன் வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.

பாமணியாறு

மாத்திட்டேன். அரை விநாடிக்குள்ள பேர் வருது! ரொம்ப நன்றி அக்கா. ஒரு சந்தேகம் மட்டும். அந்த 5 விநாடி கெடு ஏன் வேலை செய்யல? நாளைக்கு தஞ்சாவூர் லைன் விழுந்தா வாசல் மறுபடி 2 நிமிஷம் உறைஞ்சு நிக்குமே.

வெட்டாறு

டைம்லிமிட் நீங்க சர்வருக்குக் கொடுக்கற கெடு. தேடலோட சேர்ந்து போகும், "5 விநாடிக்கு மேல தேடாதே"ன்னு. சர்வர் அதுக்குள்ள தேடி முடிச்சுட்டு உக்காந்திருக்கு. காத்திருந்தது நீங்க.

உங்க பக்கத்துக்கு ரெண்டு இருக்கு. நெட்வொர்க்_டைம்அவுட், கனெக்ஷன் எழும்பற வரைக்கும் எவ்வளவு பொறுக்கணும்னு சொல்றது. வெறும் டைம்அவுட், பைண்ட், சர்ச் மாதிரி பதிலுக்காக நிக்கற அழைப்புகளுக்கு. ரெண்டுக்கும் ஸ்ட்ரக்ட் டைம்வால் ஒண்ணோட முகவரி கொடுக்கணும், இன்ட் இல்ல. இன்ட்டோட முகவரி கொடுத்தா கம்பைலர் இதுக்கும் வாயைத் திறக்காது, பக்கத்து மெமரியில இருக்கற குப்பையையும் சேர்த்து நேரமா எடுத்துக்கும். நான் முன்னதுக்கு 3 விநாடி, பின்னதுக்கு 10 விநாடி வைப்பேன். ஆனா பேரை ஐபியா மாத்தற டிஎன்எஸ் வேலை நெட்வொர்க்_டைம்அவுட்ல அடங்காது.

எல்டாப்_இனிஷியலைஸ் கனெக்ஷனைத் திறக்காது, முதல் பைண்ட்லதான் திறக்கும். அதனால இனிஷியலைஸுக்கு அப்புறம், பைண்டுக்கு முன்னாடி இதையெல்லாம் வெச்சுடுங்க. எல்டி இடத்துல நல் கொடுத்தா பொதுவான அமைப்பு ஆகும். ஆனா அது இனிமே பிறக்கற ஹேண்டிலுக்குத்தான் (எல்டி மாதிரி கனெக்ஷன் கைப்பிடி) போகும், ஏற்கெனவே கையில இருக்கறது மாறாது.

636-ங்கறீங்க. சான்றிதழ் சரிபார்ப்பை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?

பாமணியாறு

அது வந்து சார்... ரிக்வயர்_சர்ட் ஆப்ஷன்ல நெவர்.

வெட்டாறு

நினைச்சேன். பூட்டை வாங்கிக் கதவுல ஆணி அடிச்சு மாட்டின மாதிரி. டிமாண்டுன்னு மாத்துங்க. தலைமை அலுவலகத்துல அவங்க சிஏ (சான்றிதழ் வழங்கற அமைப்பு) சான்றிதழை வாங்கி சிஏசர்ட்ஃபைல் ஆப்ஷன்ல பாதையைக் கொடுங்க. இங்க சரத்தை அப்படியே கொடுக்கணும், & வேண்டாம்.

பாமணியாறு

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சிஏ சான்றிதழ் கைக்கு வரவே ஒண்ணரை நாள் ஆச்சு. எல்டி மேல டிமாண்ட் போட்டேன், ஃபைல் பாதை போட்டேன். இப்ப பைண்டே மைனஸ் 1, சர்வரைத் தொடர்புகொள்ள முடியலன்னு வருது. டீபக் லெவலை ஏத்திப் பாத்தா எதிர்ப்பக்கச் சான்றிதழை நம்ப முடியலன்னு ஒரு வரி. பாதை சரி, ஃபைலைப் படிக்க அனுமதி இருக்கு. அதே ஃபைலை எல்டாப்டிஎல்எஸ்_சிஏசர்ட் என்விரான்மென்ட் வேரியபிள்ல கொடுத்து எல்டாப்சர்ச் போட்டா போகுது.

அரசலாறு

நியூசிடிஎக்ஸ், அதாவது புது டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்) கான்டெக்ஸ்டை உண்டாக்கற ஆப்ஷன், விட்டுப்போச்சு. ஹேண்டில் மேல டிஎல்எஸ் ஆப்ஷன் வெச்சா அது எழுதி மட்டும்தான் வெக்கும். கனெக்ஷன் எழும்பும்போது லைப்ரரி ஏற்கெனவே இருக்கற பொது கான்டெக்ஸ்டைத்தான் எடுக்கும், அது கான்ஃப் ஃபைல்ல சொன்ன சிஏ பட்டியலைப் பாக்கும். டெபியன்ல அது உலகத்துக்குப் பொதுவான கட்டு, உங்க தலைமை அலுவலகம் தானே போட்டுக்கிட்ட சிஏ அதுல எங்க இருக்கப் போகுது. எல்லா டிஎல்எஸ் ஆப்ஷனையும் வெச்சு முடிச்சு, கடைசியா:

இன்ட் பூஜ்யம் = 0;
எல்டாப்_செட்_ஆப்ஷன்(எல்டி, எல்டாப்_ஆப்ட்_எக்ஸ்_டிஎல்எஸ்_நியூசிடிஎக்ஸ், &பூஜ்யம்);

இங்க & வேணும், பாத்தீங்களா! 0-ன்னா கிளையன்ட் பக்கக் கான்டெக்ஸ்ட், வேற எண்ணுன்னா சர்வர் பக்கம். இதுக்கப்புறம் டிஎல்எஸ் ஆப்ஷன் எதையாவது மாத்தினா இந்த வரியை மறுபடி கூப்பிடணும். வயலுக்கு மடையைச் சரி பண்ணிட்டு மதகைத் தொறக்காம வந்த மாதிரிதான்.

இன்னும் ஒண்ணு. டெபியன் லைப்ரரி க்னூடிஎல்எஸ் மேல கட்டினது. சிஏசர்ட்டிர்னு டைரக்டரி பாதை கொடுக்கற ஆப்ஷன் அதுல வேலை செய்யாது, ஃபைலாத்தான் கொடுக்கணும். முன்னாடி மாதிரி ஐபி போட்டும் வராதீங்க. சான்றிதழ்ல எந்தப் பேர் இருக்கோ அதே பேர் முகவரியில இருக்கணும்.

பாமணியாறு

நியூசிடிஎக்ஸ் போட்டதும் ஆயிடுச்சு. முகவரியில ஐபிதான் விட்டு வெச்சிருந்தேன், அதையும் பேரா மாத்தினேன். இன்னைக்கு முழு நாள் ஓடிச்சு. ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல்ல வர்ற ஆளுக்கு மைனஸ் 1. ரெண்டாவது ஆளுக்கும் அதேதான், புரோகிராமை மூடித் திறக்கற வரைக்கும்.

குடமுருட்டி

கனெக்ஷனை உயிரோட வெச்சிருக்கற கீப்அலைவ் ஆப்ஷன் இருக்கே, ஐடில், புரோப்ஸ், இன்டர்வல்னு. அதை வைங்க.

வெட்டாறு

ஃபயர்வால் கனெக்ஷனை மறந்து போறதுக்கு அது நல்ல மருந்து. இங்க அது போதாது. ஆக்டிவ் டைரக்டரி 900 விநாடி சும்மா இருக்கற கனெக்ஷனைத் தானே வெட்டிடும், அது வழக்கமான அமைப்பு. கீப்அலைவ் பாக்கெட் கீழ டிசிபி மட்டத்துல போறது. எல்டாப் மட்டத்துல வேலை எதுவும் நடக்கலன்னுதான் சர்வர் கணக்குப் போடும்.

செத்த ஹேண்டிலைத் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீங்க. மைனஸ் 1 வந்தா அன்பைண்ட் பண்ணி ஹேண்டிலை விடுவிச்சு, இனிஷியலைஸ்ல இருந்து ஆரம்பிச்சு, எல்லா ஆப்ஷனையும் வெச்சு, பைண்ட் பண்ணி, ஒரே ஒரு தடவை மறு முயற்சி. எல்லா ஆப்ஷனையும் ஒரே ஃபங்ஷன்ல வெச்சுக்கிட்டா புது ஹேண்டில்ல ரெஃபரல்ஸ் வரி மறந்து போகாது.

அதோட தேடலை டொமைன் உச்சியில இருந்து ஆரம்பிக்காம மாணவர் ஓயூவுக்கு (டைரக்டரியில அவங்க கிளை) கீழ இருந்து ஆரம்பிங்க. அந்த மூணு ரெஃபரல் பொறக்கவே பொறக்காது.

பாமணியாறு

அப்படியே பண்ணிட்டேன் சார். திறக்கறதுக்கு ஒரே ஃபங்ஷன், அதுலயே எட்டு ஆப்ஷனும், ஒவ்வொண்ணுக்கும் எந்த வடிவத்துல கொடுக்கணும்னு பக்கத்துல ஒரு குறிப்பும். சோதனைக்கு இன்னைக்கு நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் பாத்தேன். 3 விநாடியில "பிறகு முயற்சிக்கவும்"னு திரையில வந்துடுச்சு. வயரைச் சொருகினதும் அடுத்த அட்டைக்குப் பேர் வந்துச்சு. நூலகர் நோட்டை இன்னும் உள்ள வைக்கல. ஒரு வாரம் பாத்துட்டு வைக்கறாராம்.

இழையைத் தீர்ந்ததுன்னு மாத்திட்டேன். மொத்த மாணவர் பட்டியலையும் ஒரே தேடல்ல எடுத்தா 1000 பேருக்கு மேல ஒருத்தர்கூட வர மாட்டேங்கறாங்க, அதுக்குத் தனி இழை போடறேன்.

அரசலாறு

போடுங்க. விடையைப் பக்கம் பக்கமா வாங்கற பேஜ்டு ரிசல்ட்ஸ் கன்ட்ரோல்தான் அதுக்கு மருந்து, குக்கீயை எப்படிக் கையாளறீங்கன்னு கோடோட வாங்க.