இரவல் சைக்கிள் திருடு போனால் இழப்பு யாருக்கு? யூதச் சட்டம் குறித்து ஒரு கேள்வி

யீஷூன்வாசி:
அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எதிர்வீட்டு அண்ணனிடம் சைக்கிளை இரவல் வாங்கி, எம்ஆர்டி நிலையத்தில் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால், முன்சக்கரம் மட்டும் பூட்டோடு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பணம் வேண்டாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே சிங்கப்பூரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய மகெய்ன் அபோத் தொழுகைக்கூடத்துக்குச் செல்லும் யூத நண்பர் ஒருவர், தங்கள் சட்டப்படி நான் முழு விலையும் தரவேண்டியவன் என்றும், அண்ணன் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டிருந்தால் தரவேண்டியதில்லை என்றும் சொன்னார். இரண்டிலும் நான் பூட்டியவன்தானே? ஒரே திருட்டுக்கு ஏன் இரு நியாயம்? இங்குள்ள சட்டத்தை நான் கேட்கவில்லை.

தேக்கா வாசகர்:
உங்கள் நண்பர் சொன்னது சரியே. பைபிளின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இதன் வேர் இருக்கிறது. அதை வகுத்துச் சொல்வது, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின் பாவா மெட்சியா என்ற பகுதி. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்போரை அது நால்வராகப் பிரிக்கிறது: கூலியில்லாமல் காப்பவர், கூலிக்குக் காப்பவர், வாடகைக்கு எடுத்தவர், இரவல் வாங்கியவர். கூலியில்லாமல் காப்பவர், தான் அசட்டையாக இருக்கவில்லை, பொருளைத் தன் உபயோகத்துக்கு எடுக்கவில்லை, அது இப்போது தன்னிடம் இல்லை என்று சத்தியம் செய்தால் விடுபடுவார். நடுவில் உள்ள இருவரும் திருட்டுக்கும் தொலைந்ததற்கும் ஈடு தரவேண்டும். ஆனால் மாடு தானாகச் செத்தாலோ கொள்ளையர் பறித்துப்போனாலோ சத்தியத்தோடு விடுபடுவார்கள். இரவல் வாங்கியவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

காரணம் கவனக்குறைவு அன்று. பயன் யாருக்கு என்பதே. காப்பவர் உபகாரம் செய்கிறார்; வாடகைக்காரர் பணம் கொடுத்துப் பயன் பெறுகிறார். இரவலில் உடையவருக்குக் காலணாப் பயனில்லை, பயன் முழுவதும் உங்களுடையது. ஆகவே இழப்பும் உங்களுடையது. நீங்கள் பூட்டினீர்களா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, எந்த வேலைக்கு வாங்கினோமோ அந்த வேலையிலேயே பொருள் வீணாவது. ஒரு தீபாவளிக்கு முன் பக்கத்து வீட்டு கிரைண்டரை வாங்கி உளுந்து ஆட்டினேன்; பாதியில் மோட்டார் புகைந்து நின்றது. உழுவதற்கு வாங்கிய மாடு உழும்போது செத்தால் ஈடு இல்லை என்கிற அந்தச் சட்டப்படி நான் தப்பியிருக்கலாம், வழக்கமான அளவில் ஆட்டியிருந்தால்! இரண்டு படியைச் சேர்த்துப் போட்ட நான் அந்த விலக்கைக் கேட்க முடியாது. மற்றது விசித்திரமானது: இரவல் வாங்கும் வேளையில் பொருளுக்கு உடையவரும் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தால் ஈடு இல்லை. உங்கள் அண்ணன் அப்போது உங்கள் வீட்டுக் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தாரா?

யீஷூன்வாசி:
இல்லை டீச்சர், அவர் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் அகப்பட்டால் என்ன ஆகும்?

தேக்கா வாசகர்:
திருடன் இரட்டிப்பாகத் தரவேண்டும். தானே ஒப்புக்கொண்டால் விலை மட்டும். ஆட்டைத் திருடி அறுத்தாலோ விற்றாலோ நான்கு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு. திருடன் ஆட்டைத் தோளில் சுமந்து அவமானப்பட்டதற்காக ஒரு பங்கு குறைந்தது என்பது ரப்பான் யோஹனான் பென் சக்காய் என்ற பழைய யூத அறிஞர் சொன்ன விளக்கம். பகிரங்கமாகப் பறிக்கும் கொள்ளையனுக்கு இந்த இரட்டிப்பு கிடையாது. கொள்ளையன் கடவுளுக்கும் மனிதருக்கும் ஒரே மாதிரி அஞ்சாதவன், திருடனோ மனிதர் கண்ணுக்கு மட்டும் அஞ்சி ஒளிகிறவன் என்று இதற்கும் அவரே காரணம் சொல்கிறார். கேட்காமல் எடுத்து ஓட்டியிருந்தால் நீங்களும் கொள்ளையன் கணக்கில்தான் சேர்ந்திருப்பீர்கள்.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது வேறொன்று. மிஷ்னாவை விவாதிக்கும் நூலான பாபிலோனிய தால்முதில் ஒருவன் கோடரியை இரவல் வாங்கி உடைத்துவிடுகிறான்; வழக்கமான வேலைக்குத்தான் பயன்படுத்தினான் என்பதற்குச் சாட்சி இல்லை. நல்ல கோடரி ஒன்று கொடு என்று ராவ் என்றே பெயர்பெற்ற அறிஞர் தீர்ப்பளிக்க, இதுதானா சட்டம் என்று ராவ் கஹானா, ராவ் ஆசி என்ற வேறு இரு அறிஞர்கள் கேட்கிறார்கள், ராவ் மௌனமாகிவிடுகிறார். முடிவில் அவ்விருவர் வழியே நிலைத்தது: உடைந்த துண்டைத் திருப்பிக் கொடுத்து, அதன் மதிப்புப்போக மீதியைத் தந்தால் போதும். கம்பியில் தொங்கிய சக்கரம் என்ன ஆயிற்று?

யீஷூன்வாசி:
என் வீட்டு வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்று மாலை அதை முதலில் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.