மறு: மறு: போலிக்குறிமுறையா, வரைவுநிரலா? (கையேட்டின் முதல் இயல்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கான கையேட்டின் முதல் இயல் இந்த வார இறுதியில் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், அதில் வரும் கலைச்சொற்களைப் பற்றி, குறிப்பாகச் சூடோகோடை (pseudocode: நிரலாக எழுதுமுன் அதன் படிகளை மனிதர் படிக்கும் மொழியில் எழுதுவது) 'போலிக்குறிமுறை' என்பதா 'வரைவுநிரல்' என்பதா என்பது பற்றி, இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டு என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிகளின் வரிசையான அல்காரிதம் என்பதற்குத் தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் 'நெறிமுறை' என்கிறது. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளுக்கும் நாம் 'இணைய நெறிமுறை' என்றே எழுதி வருகிறோம். ஒரே கையேட்டில் இரண்டும் வரும்போது மாணவர் எதை எதனோடு பொருத்துவார்? அதனால் அல்காரிதத்துக்குப் 'படிமுறை' என்பதையே நான் விரும்புகிறேன்; படிமுறை என்றால் படிப்படியாகச் செல்வது என்பது சொல்லிலேயே தெரிகிறது. அல்-குவாரிஸ்மி என்னும் 9-ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் அறிஞரின் பெயரே இலத்தீன் வழியாக இச்சொல்லாகியிருப்பதால், ஆள்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலிபெயர்க்கவே வேண்டும் என்று திருச்சி ஐயா எழுதியிருந்தார்கள். ஓம், வாட் போன்ற அலகுகளுக்கு அந்த வாதம் பொருந்தும். இங்கே ஆள் மறைந்து பொதுப்பெயர் ஆகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

படிகளைக் கட்டங்களாலும் அம்புகளாலும் காட்டும் ஃபுளோசார்ட்டுக்குப் 'பாய்வுப் படம்' என்பதையும், இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'பாய்ச்சற் கோட்டுப்படம்' என்பதையும் முன்வைத்து நீண்ட பூசல் நடந்துவிட்டது. எதைச் சொன்னாலும் புரியும்; குறுகியதை எடுத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய சிக்கல் படத்தின் உள்ளே இருப்பதை ஒருவரும் சுட்டவில்லை. வரைவுப் பக்கத்தில் சாய்சதுரத்துக்கு 'முடிவுக் கட்டம்' என்று பெயரிட்டிருக்கிறோம். கடைசி நீள்வட்டத்துக்குள் 'முடிவு' என்று எழுதியிருக்கிறோம். முன்னது முடிவெடுப்பது, பின்னது முடிந்துபோவது. முதன்முறை பார்க்கும் பிள்ளை, சாய்சதுரத்தோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. சாய்சதுரத்துக்குத் 'தீர்மானம்' என்றும், நீள்வட்டத்துக்குள் 'நிறுத்து' என்றும் மாற்ற வேண்டும். தீர்மானம் வடசொல் என்று தடுப்பவர்களிடம், குழப்பம் தராத தனித்தமிழ்ச் சொல் ஒன்றை அச்சு நாளுக்கு முன் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி, சூடோகோடு. குறிமுறை (code) என்பதோடு 'போலி' சேர்வதை ஆதரித்துப் புலவர் ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்.

> போலி என்பது இழிசொல் அன்று. அறம் அறன் ஆனாலும், பந்தல் பந்தர் ஆனாலும், மஞ்சு மைஞ்சு ஆனாலும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்று அதே பொருளைத் தருவதே போலி. குறிமுறையின் இடத்தில் நின்று அதே பொருளைத் தருவது போலிக்குறிமுறை. நன்னூல் நமக்குத் தந்த சொல்லை நாம் ஏன் கைவிட வேண்டும்?

இந்த விளக்கம் அழகானது, வகுப்பில் சொல்லத்தக்கது. ஆயினும் பொருத்தம் ஓரிடத்தில் முறிகிறது. பந்தலும் பந்தரும் செய்யுளில் சம உரிமையுடையவை. எதை எழுதினாலும் படிப்பவர் ஏற்பார். போலிக்குறிமுறையைக் கணினி ஏற்காது. மனிதர் படித்து, பிறகு ஒரு நிரல்மொழியில் எழுதுவதற்காக இருப்பது அது. மேலும், போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று நாளிதழில் படிக்கும் பிள்ளையின் காதில் நன்னூல் ஒலிக்காது. 'அப்படியானால் உண்மையான குறிமுறையை எப்போது நடத்துவீர்கள்?' என்று தம் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டதாக மதுரை ஆசிரியை எழுதியதை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது.

ஆகவேதான், முதலில் எழுதிப் பார்க்கும் வரைவு என்ற பொருளில் 'வரைவுநிரல்' என்பதை முன்மொழிந்தேன். அகத்திணையில் வரைவு திருமணத்தைக் குறிக்கும், வரைவு கடாதல் (மணந்துகொள்ளுமாறு தலைவனை வற்புறுத்துவது) என்று துறையே உண்டு என்ற மறுப்பு சரியான செய்திதான். ஆனால் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது எவரும் தலைவனையும் தலைவியையும் நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்து நண்பரின் மறுப்பையே நான் வலுவானதாகக் கருதுகிறேன்: வரைதல் என்றால் படம் போடுவதும் ஆகுமே, பாய்வுப் படத்துக்குப் பக்கத்திலேயே வரைவுநிரல் என்று வந்தால் எது வரைவது, எது எழுதுவது என்று மாணவர் தடுமாறுவார் என்கிறார். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை.

பெயரைவிட அதன் உள்ளே வரும் சொற்கள் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறையைக் கையேட்டில் இவ்வாறு எழுதியிருக்கிறோம் (← என்பது வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயருக்குத் தருவது):

அ, ஆ இரண்டையும் பெறு
ஆ சுழியாகும் வரை
    மீ ← அ-வை ஆ-வால் வகுத்த மீதி
    அ ← ஆ
    ஆ ← மீ
அ-வை வெளியிடு

48, 18 என்று கொடுத்தால் மீதி 12, பிறகு 6, பிறகு 0 என வந்து விடை 6 கிடைக்கும். 6, 0 என்று கொடுத்துப் பாருங்கள். 'ஆகும் வரை' என்றால் முதலில் செய்துவிட்டுப் பிறகு சோதிப்பது என்றே பலரும் கொள்வார்கள். படத்திலும் வேலையைக் காட்டும் செவ்வகத்தை மேலேயும் சோதனையைக் காட்டும் சாய்சதுரத்தைக் கீழேயும் வரைவார்கள். அப்போது முதல் படியிலேயே சுழியால் வகுக்க நேரும். 'ஆ சுழியாக இல்லாத வரை' என்று எழுதினால் சோதனை முன்னே வந்துவிடும். சாய்சதுரம் மேலே ஏறும். 6 என்னும் சரியான விடை வகுக்காமலே கிடைக்கும். தமிழில் 'வரை' என்னும் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. வேறுபாடு அதற்கு முன்னுள்ள வினையில், 'இருக்கும்' என்பதிலா 'ஆகும்' என்பதிலா என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் while, until என்று இரு தனிச்சொற்கள் இருப்பதால் அந்நூல்களை ஒட்டி எழுதும்போது இது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. முன்சோதனைக்கு எப்போதும் 'இருக்கும் வரை' அல்லது 'இல்லாத வரை', பின்சோதனைக்கு 'ஆனதும் நிறுத்து' என்று இயல் முழுவதும் ஒரே சீராக எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நிபந்தனைக்கு 'எனில்', 'இல்லையேல்' என்பவற்றில் எவருக்கும் வேறுபாடு இல்லை. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் 'எழில்' என்னும் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவது போல, நாமும் நிபந்தனையை முன்னே வைப்பதே தமிழ்த் தொடருக்கு இயல்பு.

பெயரைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் போலிக்குறிமுறைக்கே இணங்கியிருக்கிறீர்கள். இலங்கை மாணவர்கள் தேர்வுத்தாளில் அச்சொல்லையே காண்கிறார்கள் என்ற காரணத்தை மதித்து, அது அச்சாவதை நான் தடுக்கவில்லை. என் மாற்றுக் கருத்தையும் மதுரை ஆசிரியையின் கருத்தையும் சொல்லடைவின் அடிக்குறிப்பில் 'வரைவுநிரல் என்றும் வழங்கலாம்' என்ற அளவிலாவது பதிய வேண்டுகிறேன். 'வரை' குறித்த திருத்தம் அடிக்குறிப்புக்கு உரியதன்று. அதை மூலத்திலேயே செய்தாக வேண்டும். இசைவு இருந்தால் பக்கங்களை இன்றிரவே திருத்தி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்.