பழைய டிராக்டரின் ‘ஒரிஜினல் பெயிண்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஃபோர்டு 8என் டிராக்டரை அடையாளம் காண உதவும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் வந்த வண்டி. மேல் தகடுகள் வெளிர் சாம்பல், என்ஜினும் கியர்பெட்டியும் சிவப்பு. அதற்கு முந்தைய 9என், 2என் இரண்டும் முழுக்கச் சாம்பல். ஆனால் பின்னால் வாங்கியவர்கள் பலர் அவற்றுக்கும் சிவப்பு அடித்துவிட்டார்கள். அதனால் ஒரு மூலையில் நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறது கையேடு. மரத்தின் வளையம்போலப் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் கிடப்பதுதான் ‘ஒரிஜினல் பெயிண்ட்’.

‘முதற்பூச்சு’ என்று போட்டேன். ஆனால் பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரையும் அப்படித்தானே சொல்வோம்? வேறு சொல் தாருங்கள்.

———

ஐயா, ‘ஒரிஜினல்’ என்றதும் நினைவுக்கு வருகிற ‘மூலம்’ வடசொல், ‘அசல்’ அரபு. இரண்டும் வேண்டாம். ‘தொல்பூச்சு’ இருக்கிறதே! ‘டிராக்டர்’ என்பதையும் விட்டுவிட்டு ‘உழவுந்து’ என்று எழுதுங்கள்.

———

> தொல்பூச்சு

‘தொல்’ என்றால் பழையது, அவ்வளவுதான். 1960இல் இரண்டாவது சொந்தக்காரர் அடித்த சிவப்பும் இன்று பழையதுதான். அதை விலக்கத்தானே இந்தச் சொல்லே வேண்டும்?

உழவுந்தும் எனக்கு ஒப்பவில்லை. உந்துதல் தள்ளுதல், இது இழுக்கிற வண்டி. ஈழத்தில் நாங்கள் ‘உழவு இயந்திரம்’ என்கிறோம். குழந்தைக்கும் புரியும்.

———

உந்துக்குச் செலுத்துதல் என்ற பொருளும் உண்டு, தள்ளுதல் மட்டுமல்ல. சரி, அதை விடுவோம். பூச்சுக்கு ‘ஆலைப்பூச்சு’ எப்படி? மயில் ஆலும் என்கிறோம், ஆலுதல் ஆடுதல். செக்கு ஆடும், கரும்பை ஆட்டுவார்கள், அந்த இடம் ஆலை. இது என் ஊகம்தான், ஆனாலும் சுழலும் பொறி நிற்கிற எந்த இடத்துக்கும் ஆலை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

———

நான் பட்டறைக்காரன். எங்களுக்கு அது ‘கம்பெனி பெயிண்ட்’. அதைவிடப் பெரிய சிக்கல் என்ஜினில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

8என்னில் 1950 வரை டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) என்ஜினின் முன்பக்கம். 2,63,844ஆம் எண் வண்டியிலிருந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. 1948 வண்டி என்று சொல்லி ஒன்றைக் காட்டுகிறார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கிறது. அத்தனையும் ஃபோர்டு சாமான்தான், டூப்ளிகேட் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த என்ஜின் அந்த வண்டியோடு வந்தது அல்ல. இதில் இன்னொன்று: வண்டியின் வரிசை எண்ணைக் குத்தியிருப்பதே என்ஜின் பிளாக்கின் இடது பக்கத்தில்தான். என்ஜின் மாறினால் வண்டியின் பிறந்த எண்ணும் அதோடு போய்விடும்.

2என்னையும் பாருங்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் இரும்புச் சக்கரம், பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ இவற்றோடு சில வண்டிகள் வெளிவந்தன. பிற்பாடு ரப்பர் டயரும் பேட்டரியும் மாட்டினார்கள். அந்த டயர் வண்டியில் ‘ஒரிஜினல்’ எது?

ஆகவே கம்பெனி செய்தது ஒன்று, அந்த வண்டியோடு வந்தது இன்னொன்று. ஒரே சொல்லைப் போட்டால் வாங்குகிறவன் ஏமாறுவான். முதலாவதை அசல் என்றே சொல்லுங்கள். இரண்டாவது ‘கூடப் பிறந்த என்ஜின்’.

———

அண்ணா, ‘கூடப் பிறந்த’ அருமை! எழுத்தில் ‘உடன்பிறந்த’ ஆக்கிக்கொள்ளலாம். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் நான்கும் செய்யுளுக்கு ஆகும் என்றவர் தொல்காப்பியர். ‘அசல்’ வெளியிலிருந்து வந்த திசைச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வேண்டுகோள். பிளாக்கை வார்க்கும்போதே புடைத்து வரும் எண்ணை ‘வார்ப்பெண்’ என்று எழுதிவிடாதீர்கள். குற்றியலுகரம் கெட்டுப் புணர்வது இலக்கணப்படி சரிதான். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது ‘பெண்’. ‘வார்ப்பு எண்’ என்று பிரித்தே எழுதுங்கள்.

———

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இரவு பதினொன்று. ஆலைப்பூச்சு, அசல் உறுப்பு, உடன்பிறந்த என்ஜின், வார்ப்பு எண் என்று போட்டுவிட்டேன். ஆலைப்பூச்சுக்கு நான்கு பேர் சரி என்றார்கள். டிராக்டர் டிராக்டராகவே இருக்கிறது.

———

> அசல் உறுப்பு

இதற்கு நான் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அச்சுக்குப் போகும் முன் ‘ஆலை உறுப்பு’ என்று மாற்ற முடியுமா பாருங்கள். ஆலைப்பூச்சு இருக்கும்போது ஆலை உறுப்பு ஏன் கூடாது?

———

ஐயா, பஞ்சாலை மெஷினின் பல்சக்கரமும் ஆலை உறுப்புதானே? எங்கள் கோவையில் அப்படித்தான் படிப்பார்கள்.