தமிழ் இசைத்தட்டு மலையகத்தில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். நான் தலவாக்கலை. எண்பதுகளின் இளையராஜா எல்பி தட்டுகளும் எழுபதுகளின் இலங்கைத் தமிழ் பொப் தட்டுகளும் சேர்க்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. கையில் இருப்பது நான்குதான்.

பிளேயர் ஓடியோ டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ். நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்று வேகம் மட்டுமே ஓடும். தாத்தா விட்டுப்போனதெல்லாம் 78 வேக அரக்குத் தட்டுகள். இதில் போட வழியில்லை, அலுமாரிக்கு மேலே அழகாக இருக்கின்றன.

கண்டியில் இரண்டு பழைய சாமான் கடை, கொழும்பில் புறக்கோட்டை, எல்லாம் ஏறி இறங்கியாச்சு. சிங்களமும் ஆங்கிலமும் இருக்கின்றன. தமிழ் என்றால் கையை விரிக்கிறார்கள். சரி என்று சென்னையிலிருந்து இரண்டு தட்டு தபாலில் எடுத்தேன். தட்டை விடத் தபால் செலவு கூட. ஒன்றில் பூஞ்சணம், அதைக் கழுவி எடுத்துவிட்டேன், நம்ம ஊர் ஈரத்துக்கு அது புதிதா என்ன. மற்றது, 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', வளைந்தே வந்தது. சுற்றுக்கு ஒருமுறை ஊசி ஒரே இடத்தில் துள்ளுகிறது. கண்ணாடிகளுக்கு இடையில் இரண்டு வாரம் வைத்தும் நிமிரவில்லை. இனி கேட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை.

ஹட்டன், நுவரெலியா, கண்டி பக்கம் தமிழ்த் தட்டு வைத்திருக்கிற, வாங்குமுன் போட்டுக் காட்டுகிற கடையோ ஆளோ யாருக்காவது தெரியுமா?